விடியும்வரை ஒரு தெரிந்த கதை: கூத்தில் பாட்டும் களரியும்

கூத்துக் களரியைச் சுற்றி உட்காரும் யாருக்கும் கர்ணன் பிழைப்பானா என்ற சந்தேகம் கிடையாது. பாஞ்சாலியின் சேலை தீராது என்பதும், சக்கர வியூகத்துக்குள் போன அபிமன்யு திரும்ப மாட்டான் என்பதும் பாட்டி மடியில் தூங்கி விழும் குழந்தைக்கும் தெரியும். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்திலும் மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் நிலைமை இதுதான். ஆனாலும் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும்வரை ஊர் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலை நம்பிப் பிழைக்கும் சினிமாவையும் சீரியலையும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. கதை தெரிந்தவர்களிடம் கதை சொல்லும்போது பாட்டுக்கு என்ன வேலை, களரிக்கு என்ன வேலை என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டிய கேள்வி.

கூத்தைப் பற்றி எழுதியவர்கள் இந்தக் கேள்வியைப் பக்கவாட்டில்தான் தொட்டிருக்கிறார்கள். திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி 1988லும் 1991லும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்ட ஆல்ஃப் ஹில்டபைட்டலுக்குக் கூத்து முதன்மையாக ஒரு சடங்கு. 1990ல் வெளிவந்த ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் நூல் கூத்தின் ஆட்ட இசை இலக்கணத்தைக் கவனமாகப் பதிவு செய்தது. அதுவும் சடங்கிலேயே போய் நின்றது. காஞ்சிபுரம் பக்கத்துக் கலைஞர்களுடன் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த ஹன்னா தெ ப்ரூயின், இது தொழில்முறைக் கலைஞர்களின் நாடகம், இடத்துக்கும் காசுக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப வளைந்து கொடுக்கும் கலை என்று வாதிட்டார். ஈழத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவருடைய மாணவர் சி. மௌனகுருவும் கூத்தைத் தமிழரின் தேசிய நாடக வடிவமாகப் பார்த்தார்கள். சென்னையில் ந. முத்துசாமி அதில் நவீன நடிகனின் உடலுக்கான பயிற்சியைக் கண்டார். ஒவ்வொன்றும் உண்மையே. ஆனால் ஒரு பாட்டு நடுராத்திரியில் கதையை எங்கே நிறுத்துகிறது, ஏன் நிறுத்துகிறது என்று கேட்டால் இவற்றில் எதுவும் முழுப் பதில் தருவதில்லை.

என் பதில் இது. கூத்தில் கதையை நகர்த்துவது வசனமும் இடமாற்றமும். பாட்டு கதையை நிறுத்துகிறது. நிறுத்தி, அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து நிற்பதற்கு வேண்டிய நேரத்தைத் தருகிறது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை ஆடுபவரும் பாடுபவரும் பார்ப்பவரும் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே இந்த நாடகத்தின் கதைசொல்லியைத் தேடினால் ஒரு தனி ஆளைக் காட்ட முடியாது.

தெருக்கூத்தில் ஒரு ராஜ வேஷம் களரிக்குள் வருவதைப் பாருங்கள். முதலில் கட்டியங்காரன் வருகிறான். ஊர் நடப்பைக் கேலி செய்து, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, சபைக்கு யார் வரப்போகிறார் என்று அறிவிக்கிறான். பிறகு இரண்டு பேர் ஒரு துணியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுதான் திரை. துணிக்குப் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் கேட்கிறது. மேல்விளிம்பில் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய கிரீடம். வேஷக்காரர் அசைய அசையச் சில்லுகள் விளக்கொளியை வாங்கிக் கூட்டத்தின் மேல் எறிகின்றன. உள்ளேயிருந்து துரியோதனன் விருத்தத்தை எடுக்கிறான். தன் புகழைத்தான் பாடுகிறான். ஆனால் ‘நான் வந்தேன்’ என்று பாடுவதில்லை. துரியோதன மகாராஜன் வருகிற விதத்தை வேறொருவனைப் பற்றிச் சொல்வதுபோலப் பாடுகிறான். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். துணியைத் தாண்டி ஒரு கை வெளியே வருகிறது. ஒரு தோள், திரும்பிய முதுகு, சிவப்புப் பூசிய முகத்தில் பாதி. துணியை அவனே பிடித்து உலுக்குகிறான். திரை விலகும்போது களரியைச் சுற்றிச் சுழன்று ஆடுகிறான். அதற்கப்புறம்தான் கட்டியங்காரன் ‘ஐயா தாங்கள் யாரோ’ என்று கேட்க, பதில் வசனமாக வருகிறது.

கதைக் கணக்கில் இந்த இருபது நிமிஷமும் பூஜ்யம். ஒரு நிகழ்ச்சிகூட நடக்கவில்லை. ஆனால் பாரதப் போருக்குக் காரணமான செருக்கு எத்தனை பெரியது என்று யாரும் விளக்கிச் சொல்லாமலே கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. வேஷக்காரர் தன்னைப் படர்க்கையில் பாடுவதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மதியம் வரை பக்கத்து ஊரில் நெசவோ உழவோ செய்துகொண்டிருந்த ஒருவர் துரியோதனனாக மாறுவதைக் கூத்து மறைப்பதில்லை. அவர் துரியோதனனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டே வந்து, திரை விலகும்போது துரியோதனனாக நிற்கிறார்.

மட்டக்களப்பில் இதே வேலையை மத்தளம் செய்கிறது. அங்கே களரி வட்டம். மண்ணைக் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டியிருப்பார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், மத்தளக்காரர், சல்லரி தட்டுபவர், பிற்பாட்டுக்காரர் எல்லாரும் வட்டத்தின் நடுவில் நிற்க, ஆடுபவர்கள் அவர்களைச் சுற்றி ஆடுகிறார்கள். ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் தனித் தாளக்கட்டு உண்டு. அரசன் வரவுக்கு ஒன்று, அரசிக்கு வேறொன்று, தூதனுக்கும் மந்திரிக்கும் வேறு. அண்ணாவியார் சொற்கட்டைச் சொல்லத் தொடங்கியதுமே வருவது யார் என்று கிழவிகளுக்குத் தெரிந்துவிடும். எட்டு, வீசாணம், பொடியடி, பாய்ச்சல் என்று பெயருள்ள ஆட்டங்களை அந்தப் பாத்திரம் ஆடி முடித்து, தீர்மானம் வைத்து நின்ற பிறகே பாட்டு. அறிமுகம் முதலில் காலில் நடக்கிறது, அப்புறம்தான் வாய்க்கு வருகிறது. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளை எடுத்துக்கொள்வதால் ஆட்டமே கதையின் பெரும் பங்கைச் சுமக்கிறது. அலங்கார ரூபன் போன்ற கதைகளை ஆடும் தென்மோடியில் இசையின் நெளிவுக்கு இடம் அதிகம்.

பின்பாட்டைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நவீன மேடை முதலில் வெட்டுகிறது. கட்டை கட்டிய வேஷக்காரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் மரத்தைச் சுமந்து குதித்துச் சுழல்கிறார். அவரே உச்சக் குரலில் பாடவும் வேண்டும். ஓர் அடி பாடியதும் மூச்சு வாங்க வேண்டும். அந்த இடைவெளியில் பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை ஏந்திக்கொள்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கூட்டத்தின் பின்வரிசைக்கும் சொல் போய்ச் சேர இது ஒன்றே வழி. இப்படி உடலின் தேவையிலிருந்து வந்த பழக்கம் கதைசொல்லலின் ஆணிவேராகிவிட்டது. கர்ணன் ஒரு வரி புலம்புகிறான். நாலு பேர் அதே வரியைப் புலம்பாமல், தாளம் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்கள். முதல் முறை அது கர்ணனின் துயரம். இரண்டாம் முறை அது ஊர் வாயில் இருக்கிறது. மூன்றாம் முறை பாடும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் உதடும் அசைகிறது. தெரிந்த கதை ஒவ்வொருவருக்கும் சொந்தத் துக்கமாவது இந்த இடத்தில்தான். பின்பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தனி நடிகரின் சோகப் பாட்டு.

பாட்டு வகைகளுக்குள்ளும் வேலைப் பங்கீடு இருக்கிறது. தாளம் இல்லாமல் ராகத்தை இழுத்துப் பாடும் விருத்தம் ஒரு நிலையைத் திறந்து வைக்கும். தாளத்தோடு வரும் தரு ஆட்டத்துக்கும் உரையாடலுக்கும் ஆனது. கந்தார்த்தம், கொச்சகம், வெண்பா போன்றவை இடையிடையே வரும். பிறகு வசனம், பாட்டில் சொன்னதையே பேச்சில் மறுபடி சொல்லி, ஓர் அடி முன்னே நகர்த்தும். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட கூத்துப் புத்தகங்களைப் பார்த்தால் ஒவ்வொரு தருவின் தலையிலும் ராகமும் தாளமும் குறித்திருப்பது தெரியும். படிப்பவருக்கு அந்தப் புத்தகம் சலிப்பூட்டும். ஒரே செய்தி விருத்தத்தில் ஒரு முறை, தருவில் ஒரு முறை, வசனத்தில் ஒரு முறை என்று வந்துகொண்டேயிருக்கும். களரியில் அது சலிப்பூட்டுவதில்லை. விருத்தத்தில் மனம், தருவில் உடம்பு, வசனத்தில் உலக நடப்பு என்று ஒரே செய்தி மூன்று தளங்களில் வாழ்கிறது. வசனத்தின்போது கட்டியங்காரன் குறுக்கே புகுந்து, இன்றைய விலைவாசியையும் உள்ளூர்ச் சண்டையையும் அஸ்தினாபுரத்துக்குள் கொண்டுவந்து விடுவான். எழுதப்பட்ட பாட்டு மாறாமல் நிற்பதால்தான் வசனத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. முகவீணையின் கீச்சுக் குரல் ஆர்மோனியத்துக்கு மேலே ஏறி, இரவுக் காற்றில் அடுத்த ஊருக்குக் கேட்பதும் கூத்து நடக்கிறது என்ற செய்திதான்.

பாட்டு கதையை நிறுத்துகிறது என்று சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது தர்க்கம். கர்ண மோட்சம் என்ற கூத்தில் போர்க்களம் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். வியாச பாரதத்தில் இல்லாத பெண் இவள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்ற இளக்காரத்திலேயே காலம் கழித்தவள். இருவரும் பாட்டுக்குப் பாட்டு மோதுகிறார்கள். அவள் குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள், அவன் பொறுக்கிறான், பதில் சொல்கிறான், கடைசியில் தன் பிறப்பின் உண்மை வெளிப்படுகிறது. வசனத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் விஷயம் பாட்டில் ஒரு மணி நேரம் போகும். சாதிப் பெருமையால் கெட்ட ஒரு தாம்பத்தியத்தை, அதே சாதிப் பெருமை நடமாடும் தெருவில் வைத்து ஒரு மணி நேரம் பாடுவது சாதாரணக் காரியம் இல்லை. கூட்டம் இரண்டு பக்கமும் நியாயம் பார்த்துக்கொண்டே கேட்கிறது. தஞ்சைப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து பாட்டாலேயே வழக்காடுவார்களே, அந்த ருசி தர்க்கத் தருவிலும் இருக்கிறது. இங்கே பாட்டு கதையை உள்ளுக்குள் திருப்புகிறது. பாட்டு தொடங்கும்போது இருந்த பொன்னுருவி பாட்டு முடியும்போது இல்லை.

இனி இடம். வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது ஒரே கதையை ஊர் மூன்று விதமாகக் கேட்கிறது. பகலில் கோயில் பந்தலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம். இரவில் கூத்து. இதற்கிடையே கோயில் சடங்குகள். மூன்றும் ஒரே நாள் கணக்கில் நகர்கின்றன. இன்று மாலை பிரசங்கியார் விட்ட இடத்தை இரவு கூத்து எடுத்துக்கொள்ளும். துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேஷக்காரர் பாஞ்சாலியின் கூந்தலைத் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி வணங்குவது பல ஊர்களில் வழக்கம். கோயிலில் இருக்கும் அம்மனும் களரியில் நிற்கும் பாஞ்சாலியும் அந்த நேரத்தில் ஒருவரே. அடுத்து அவள் கண்ணனை அழைத்துப் பாடும்போது கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வருவதும் உண்டு. அந்த இரவில் விரிந்த கூந்தல் கடைசி நாள் படுகளத்தில்தான் முடியப்படும். இரண்டுக்கும் நடுவில் பல இரவுகள் இருக்கின்றன. ஒரு சபதம் எவ்வளவு நீளமானது என்பதை ஊர் நாளை எண்ணி எண்ணியே உணர்கிறது.

அர்ச்சுனன் தபசில் கதை களரியைவிட்டு வெளியேறி ஒரு மரத்தில் ஏறிவிடுகிறது. நெடிய பனைமரம் ஒன்றை நட்டு, படி அடித்து, உச்சியில் சிறு பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடி ஏறுகிறார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் பூசை செய்து, எலுமிச்சை, வில்வம், விபூதி என்று கீழே எறிகிறார். பெண்கள் மடி ஏந்திப் பிடிக்கிறார்கள். மகாபாரதத்தில் அர்ச்சுனன் தவம் செய்தது பாசுபதாஸ்திரத்துக்காக. இங்கே அவன் வாங்கிய வரத்தில் ஒரு பங்கு கீழே நிற்பவர்களுக்கும் வருகிறது. ஏறுவதற்கு ஆகும் நேரம்தான் தவத்தின் நேரம். அந்தப் படிப் பாட்டுகளைப் பாதியாகக் குறைத்தால் தவமே பாதியாகிவிடும். கீழே நிற்பவர்கள் அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்த காலை படுகளம். கோயிலுக்கு எதிரே திடலில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள், ஒரு வீட்டின் நீளத்துக்கு. இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் வேர்வையில் கலைந்த அரிதாரத்தோடு பகல் வெளிச்சத்தில் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். இங்கே பாட்டு குறைந்து, பம்பையும் கூச்சலும்தான் மிஞ்சுகின்றன. இத்தனை இரவுகள் பாட்டு நிறுத்தி நிறுத்திச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே அடியில் தொடையில் இறங்குகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்திலும் இடம் இதே மாதிரி வேலை செய்வதைப் பார்க்கலாம். ரதியும் மதனும் தப்பு முழங்க லயன் லயனாகப் போகிறார்கள். மதன் எரியும் இரவில் ரதியின் புலம்பலைக் கேட்பவர்கள் அவளைத் தங்கள் வாசலில் மணக்கோலத்தில் பார்த்தவர்கள்.

மட்டக்களப்புக் கூத்தில் ஆடுபவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், அந்த ஊர்க்காரர்களே. இது கதைசொல்லலையே வேறாக்கிவிடுகிறது. அறுவடை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி அண்ணாவியாரை அழைக்கிறார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்த்துச் சட்டம் கொடுக்கிறார்கள், அதாவது அவரவர் பாட வேண்டிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். காலில் சதங்கை கட்டும் நாள் ஒரு சிறு திருவிழா. முழுக் கூத்தையும் அடுக்குப் பார்த்த பிறகுதான் அரங்கேற்றம். அதற்குள் பழக்கம் நடந்த வளவைச் சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு முழுக்க மனப்பாடமாகிவிடும். அரங்கேற்ற இரவில் கூத்தர்களை உறவினர்கள் வெடி கொளுத்திக் களரிக்கு அழைத்து வருவார்கள். தருமராக நிற்பது மாமன் மகன், வீமனாக நிற்பது கடைக்காரரின் தம்பி. அவன் பாட்டில் எங்கே திணறுவான் என்று தெரியும், அங்கே திணறாமல் தாண்டியதும் தனிச் சந்தோஷம். பார்ப்பவர்கள் பாத்திரத்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. ‘பாத்திரத்தோடு ஒன்றிவிடுதல்’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்து இந்தக் கூத்தை எடைபோடும் விமர்சனத்தில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த வடிவம் ஊரைவிட்டு மேடைக்குப் போனபோது என்ன ஆயிற்று? 1956ல் எதிரிவீர சரச்சந்திர ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் அரங்க வடிவத்தைக் கொண்டு ‘மனமே’யை மேடையேற்றினார். அந்த நாடகமவுக்கே தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தில் வேர் உண்டு என்பது அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். ‘மனமே’ தந்த உந்துதலில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடைக்குக் கொண்டுவந்தார். 1962ல் கர்ணன் போர், அடுத்து நொண்டி நாடகம், 1964ல் இராவணேசன், 1968ல் வாலிவதை. விடியவிடிய ஆடியது ஓரிரு மணி நேரமானது. வட்டக்களரி போய்ப் படச்சட்ட மேடை வந்தது. நடுவில் நின்ற அண்ணாவியாரும் மத்தளமும் ஓரத்துக்குப் போனார்கள். பாட்டுக்கேற்ற முகபாவம் சேர்ந்தது. படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தார் கூச்சல் என்று ஒதுக்கிய காலத்தில் இது செய்த நன்மை பெரியது. அதே ஆண்டுகளில் அவர் அலங்கார ரூபன் நாடகத்தையும் மன்னாரின் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும் பதிப்பித்ததும் சேர்த்து எண்ண வேண்டியது.

இந்தச் சுருக்கத்தைக் குறை சொல்பவர்கள் வழக்கமாக நேரத்தைத்தான் சொல்கிறார்கள். நேரம் குறைந்தது அவ்வளவு பெரிய இழப்பாக எனக்குப் படவில்லை. திசை போனதுதான் இழப்பு. வட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகம் எனக்குத் தெரியும். கர்ணன் சாகும்போது அவர் கண்ணைத் துடைப்பதை நான் பார்ப்பேன். படச்சட்ட மேடையில் எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறோம், எனக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் பின்தலை. நடுவில் நின்ற மத்தளம் ஓரத்துக்குப் போனதும் அதே வகை மாற்றம்தான். முன்பு ஆட்டம் பாட்டைச் சுற்றிச் சுழன்றது, இப்போது பாட்டு ஆட்டத்துக்குப் பின்னணியாகிவிட்டது. தெருக்கூத்தில் இதே விளைவை ஒலிவாங்கி கொண்டுவந்தது. களரி நடுவில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டதும் பாட்டு வரும்போதெல்லாம் வேஷக்காரர் அதன் கீழே வந்து நிற்க வேண்டியதாயிற்று. பாடிக்கொண்டே சுற்றியவர், பாட ஓர் இடம் ஆட ஓர் இடம் என்று பிரிந்தார்.

தமிழகத்தில் 1977ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய முத்துசாமி வேறு வழி போனார். கூத்தைச் சுருக்கி மேடையேற்றுவதைவிட, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்களிடமிருந்து நவீன நடிகர்கள் குரலையும் அடவையும் கற்பதில் அவருக்கு நாட்டம். புரிசைக் குழுவினரும் தங்கள் வடிவத்துக்குள் பிரெக்டையும் மார்க்வெஸையும் கொண்டுவந்து பார்த்தார்கள். தெரியாத கதைக்கும் கூத்து தாங்குமா என்ற சோதனை அது. தாங்கும் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. தெரியாத கதையில் பாட்டு நிறுத்தும் இடம் பார்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் கட்டியங்காரனின் வேலை இரட்டிப்பாகிறது. கதையையும் அவன் சொல்ல வேண்டும், நிற்கும் இடத்துக்கும் கூட்டிப்போக வேண்டும்.

ஊர் சேர்ந்து சொல்லும் கதை என்கிறோமே, ஊரில் யார் யார் சேர்த்தி என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. பாஞ்சாலியின் பெயரில் நடக்கும் திருவிழாவில் பாஞ்சாலியாக ஆடியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்கள். மட்டக்களப்பில் எந்தக் குடிக்கு எந்தப் பாத்திரம், யார் களரியில் ஏறலாம் என்பதில் ஊர் அதிகாரம் கறாராக இருந்த காலம் உண்டு. இந்தக் கலைக்காக நான் எவ்வளவு வாதாடினாலும் இதை மறைத்து வாதாட முடியாது. பெ. இராஜகோபால் முதலான கலைஞர்கள் 1990ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பிறகு காஞ்சிபுரம் அருகே நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளுக்கும் கட்டை கட்டக் கற்றுக்கொடுத்தது. பெண் குரலில் துரியோதனன் விருத்தம் எழும்போது சுருதி மாறுகிறது, ஆட்டத்தின் வேகம் மாறுவதில்லை. மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற பெயரில் செய்தது இன்னும் ஆழமானது. அவர்கள் கூத்தை மேடைக்குக் கொண்டுபோகவில்லை, களரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பெண்ணையும் சாதியையும் போரையும் பழைய ஏடு பேசும் விதத்தை ஊர்க்காரர்களே உட்கார்ந்து விவாதித்து, பாட்டை மாற்றி எழுதினார்கள். போரால் இரவு நடமாட்டமே முடங்கிக் கிடந்த மாவட்டத்தில் போரைப் புகழும் பாட்டை இனி எப்படிப் பாடுவது என்று கூத்தர்களே கேட்பதைவிட நேர்மையான கேள்வி இருக்க முடியாது.

வித்தியானந்தன் வழியையும் சீலாமுனை வழியையும் எதிரெதிராக நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிப் பார்க்கவில்லை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதுக்குப் பேச மொழி கிடைத்திருக்காது. ஆனால் இனி பணமும் கவனமும் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் என் கை இரண்டாவதின் பக்கமே நீளும். அரசு விழாக்களிலும் கல்லூரி விழாக்களிலும் கூத்துக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்குகிறார்கள். குழுக்களும் வேறு வழியில்லாமல் துகிலுரிதலில் ஒரு துண்டு, கர்ணன் சாவில் ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டி ஆடிவிட்டு வருகின்றன. ஆட வேண்டிய நேரம் நாற்பது நிமிஷம்தான் என்றால் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளட்டும். திரைப் பிரவேசத்தை முழுதாக ஆடட்டும், ஒவ்வோர் அடியையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடட்டும். அமைப்பாளர்கள் நாற்காலிகளை மூன்று பக்கமும் போட்டு, மைக்கை வேஷக்காரரின் உடம்பில் மாட்டிவிட்டால் போதும். அப்புறம் சம்பளப் பட்டியலில் முதலில் அடிபடும் பெயர்கள் முகவீணைக்காரரும் பின்பாட்டுக்காரர்களும். அவர்களை விட்டுவிட்டு நாலு வேஷக்காரர்களை மட்டும் அழைக்கும் விழாக்குழு, கூத்து பார்க்க வந்தவர்களுக்குக் கூத்தைக் காட்டாமலே அனுப்பிவைக்கிறது.